விட்டுக் கொடுத்த ஆட்டம்

"உங்ககிட்ட நான் பிச்சை கேட்டேனாக்கா?"

ஓட்டல் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ரூயுன், தன் மட்டையைக் கட்டிலில் வீசினாள். சீனாவின் செங்டு நகரில் அன்று மாலை, ஒரு கொரிய வீராங்கனையோடு சர்வதேச டேபிள் டென்னிஸ் இறுதி ஆட்டம். பத்தொன்பது வயது ரூயுனுக்கு அதுதான் முதல் ஃபைனல்.

மின்லான் தன் மட்டையில் தேய்ந்துபோன ரப்பரை உரித்துக்கொண்டிருந்தாள். பத்து வருடத்துக்கு மேலாக நாட்டுக்காக ஆடுகிறவள். காலையில் அரையிறுதியில் இந்த ரூயுனிடம்தான் தோற்றிருந்தாள்.

"சாப்பாட்டு மேஜையில எல்லாரும் சிரிக்கிறாங்க. மின்லான் விட்டுக் கொடுத்தா, நீ ஜெயிச்சேன்னு. தோக்கணும்னு கோச் நேத்தே உங்ககிட்ட சொல்லிட்டாராமே?"

"சொன்னார்."

"கடைசி கேம்ல உங்க பந்து வலையில விழுந்தப்போ, நான் மண்டி போட்டு அழுதேனே! உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

மின்லான் உரித்த ரப்பரைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சத்தம் கேட்டு கோச் குவோ உள்ளே வந்தார்.

"ஃபைனலை வச்சுக்கிட்டு என்ன கூச்சல் இது?"

"நான் ஆடலை. அந்தக் கொரியாக்காரிக்கே கோப்பையைக் கொடுத்துடுங்க!"

குவோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "பைத்தியமா உனக்கு? பந்தை வெட்டி வெட்டி ஆடுற அந்தக் கொரியாக்காரிகிட்ட மின்லான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை. நீ ஆடினாதான் கோப்பை நம்ம வீட்டுல நிக்கும். அதுக்காகத்தான் இவளைத் தோக்கச் சொன்னேன். மறுபேச்சு பேசாம தோத்தா பாரு, அவ மனுஷி! அடுத்த மாசத்துலேர்ந்து மாகாண அணிக்கு இவதான் கோச். மேலிடத்துல பேசி முடிச்சாச்சு."

மேலிடம் கண்ணைக் காட்டினால் ஜெயிக்கிற ஆட்டத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த அணியில் இந்த அநியாயத்துக்கு ஒழுக்கம் என்று பெயர். மீறியவர்கள் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறியிருக்கிறார்கள்.

"ஓஹோ, பதவிக்காகத் தோத்தீங்களா?" ரூயுனின் குரல் உடைந்தது. "உங்க படத்தைச் சுவத்துல ஒட்டி வச்சுத்தான் நான் மட்டையே பிடிச்சேன். தூ! வெக்கமா இல்லை உங்களுக்கு?"

சட்டையில் குத்தியிருந்த அணிச் சின்னத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

"நில்லுடி!"

மின்லான் எழுந்து வழியை மறித்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் நின்ற குவோவை ஒரு தடவை பார்த்தாள்.

"யாருடி உனக்கு விட்டுக் கொடுத்தது? இந்த ஆள் பேச்சைக் குப்பையில போட்டுட்டு, உன்னை ஜெயிச்சே தீரணும்னுதான் மேஜைக்கு வந்தேன். முதல் பந்துலேர்ந்து உயிரைக் கொடுத்து ஆடினேன். அப்படி ஆடியும் உன்னை ஜெயிக்க முடியலைடி!"