காயவிட்ட வயல்

வீடியோ காலில் வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. வளைகுடாவில், முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் இருந்தபடியே போனில் வயல் மோட்டாரைப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் மட்டக்களப்பில் என் வயல் குளமாகிவிட்டது. விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, இப்போது கடல் தாண்டியும் முட்டாள்தனம் செய்யலாம்.

புதுமுறை நடவு அது. ஒற்றை நாற்றாகத் தள்ளித்தள்ளி நட்டு, இடையிடையே நிலத்தை வெடிப்பு விழும்வரை காயவிட வேண்டும். அதில் விளைச்சல் கூடினால் நான் ஊரோடு வந்துவிடலாம் என்று மனைவி யோகேஸ்வரியோடு ஒப்பந்தம். ஒவ்வொரு அறுவடைக்கும் கேட்பேன். "அடுத்த போகம் பாப்பம்" என்பாள். விசா தந்த முதலாளி கஃபீல்கூட என்னை விட்டுவிடுவார், நெல்தான் விடவில்லை.

உடனே அவளை அழைத்தேன். "யோகா, பயிர் போயிட்டா?"

"இல்ல, வரம்ப வெட்டித் தண்ணிய வடிய விட்டுட்டன்."

"இந்த முறையும் விளையாது. கான்ட்ராக்ட்ட நீட்டச் சொல்லிக் கேக்கிறன்."

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"இஞ்சருங்க, விளைச்சல் எப்பவோ கூடிட்டு. போன போகம் மூட்டை வைக்க வீட்டுல இடமில்ல."

"அடிப்பாவி! அப்ப ஏன் என்னைக் கூப்பிடல்ல?"

"நீங்க இஞ்ச இருக்கக்குள்ள வயல ஒரு நாளாவது காயவிட்டீங்களா? நீங்க போனாப்பிறகுதான் விளைஞ்சது. இப்ப கடலுக்கு அங்கால இருந்தும் மூழ்கடிச்சிட்டீங்க."

"அப்ப நான் வரவே ஏலாதா?"

"நிலம் வெடிக்கிறதப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலுமெண்டா, நாளைக்கே வாங்க."