போய்ச் சேர்ந்த மெயில்

"கலீலு, தம்பிகிட்டயிருந்து பதில் வந்துச்சா?"

"இல்லைங்க மொதலாளி."

"மெயில் போச்சான்னு நல்லாப் பாரு."

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் மீரான் மைதீனின் மெயில் சர்வரைக் கவனிப்பவன் கலீல் ரஹ்மான். திறந்து பார்த்தான்.

"தம்பியோட பெட்டியில சேந்துருச்சுங்க."

மீரான் மைதீனின் முகம் வாடிவிட்டது. சண்டையில் பிரிந்து தனிக் கம்பெனி வைத்தவர் தம்பி ராஜா முகம்மது. நேரில் போய் நிற்க இவருக்கு ரோஷம்; போனில் எடுத்தெறிந்து பேசிவிடுவானோ என்று பயம். அதனால்தான், 'தப்பு எம்மேலதான். எம்மக நிக்காஹுக்கு நீ வந்து முன்னால நில்லு' என்று மெயிலில் எழுதியிருந்தார்.

தம்பி வராமலேயே நிக்காஹ் நடந்தது.

மறுநாள் பொருமித் தீர்த்தார். "நம்ம சர்வர்ல அவன் கம்பெனி பேரே இருக்கக் கூடாது. அழிச்சுரு!"

அழிக்கப் போனபோதுதான் கலீல் தன் தவறைக் கண்டான். பிரிவதற்கு முன் தம்பியின் மெயிலும் இதே சர்வரில்தான் இருந்தது. தம்பி தன் மெயிலை மதுரையில் வேறு சர்வருக்கு மாற்றிக்கொண்டபோதே அவருடைய டொமைனை, அதாவது மெயில் முகவரியில் வரும் கம்பெனிப் பெயரை, இவன் இங்கிருந்து எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அண்ணன் எழுதியதை மதுரைக்கு அனுப்பாமல், இங்கேயே கிடந்த தம்பியின் பழைய பெட்டியில் போட்டுவிட்டது சர்வர். அந்தப் பெட்டியை இப்போது யாரும் திறப்பதில்லை.

பதறிப்போய்த் தம்பிக்குப் போன் செய்தான்.

"இப்ப எதுக்குப்பா கூப்பிடுற?" என்றார் ராஜா முகம்மது. "அண்ணன் கூப்பிடுவாக, கூப்பிடுவாகன்னு நிக்காஹ் முடியிற வரைக்கும் புதுச்சட்டையோட எங்க வீட்டு வாசல்லயே நின்னேன்."