ஊசியில் இருந்த ரத்தம்

குப்பை பிரிக்கும் கிடங்கில் ஞானசெல்வியின் விரலில் ஊசி ஏறியதும், குத்திய ஊசியின் ரத்தத்தைச் சோதித்துச் சொல்லும் அவள் கையுறை அலறியது. முதலுதவி அறைக்கு ஓடினாள். நர்ஸ் பத்மாவதி கையுறையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, விரலைக் குழாயடியில் பிடித்து சோப்புப் போட்டுக் கழுவினார்.

வழக்கமாக இதற்குள் கையுறை முடிவைச் சொல்லிவிடும். இன்று வாயே திறக்கவில்லை.

"இன்னாக்கா, பெரிய வியாதியா?" என்றாள் ஞானசெல்வி.

ஒருவழியாகக் கையுறை பேசியது. "ஊசியில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறது. உடனே தடுப்பு மருந்து தேவை. தாமதத்துக்கு மன்னிக்கவும். ஊசியின் ரத்தத்தை உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்தறியச் சிரமமாக இருந்தது. நீங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள்."

அவளுக்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான். போதை ஊசிக்குப் பின்னால் போய் வீட்டுக்கே வராமல் போன தம்பி லூர்து. அவன் செத்துவிட்டான் என்று வீட்டில் படத்துக்கு மாலையே போட்டாகிவிட்டது.

"எப்பத்தி ரத்தம் அது?" கையுறையைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்று காலையது."

"உசுரோட இருக்கான்க்கா!" நர்ஸைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "மீன் மார்க்கெட் பின்னாடி வண்டில ஏத்துன மூட்ட அது. அங்கதான் இருக்கான்!"

"ஆடாதடி. கிருமி இருக்குன்னு சொல்லுதுல்ல? மொதல்ல கைய நீட்டு."

நீட்டினாள். மருந்து ஏறியதுமே எழுந்து வாசலுக்கு ஓடியவள், நின்று திரும்பினாள்.

"எனக்கு மட்டும் போட்டா எப்டிக்கா? வியாதி அவனுதுதான? மருந்துப் பெட்டிய எடுத்துக்கினு நீயும் வா!"