பூட்டிய டெலிபோன்

பழைய சாமான் வாங்குகிறவர் வாசலில் காத்திருக்க, என் கணவர் அந்தக் கறுப்பு டெலிபோனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் இணைப்பை அவரே எழுதிக் கொடுத்துத் துண்டித்து ஆறு வருடமாகிறது. டயலின் துளையில் மாட்டிய சின்னப் பூட்டு மட்டும் இன்னும் தொங்கியது.

“சாவியை அரணாக்கயித்துலயே கட்டியிருந்தேன். பதினாலு வருஷம், நான் திறக்காம இந்த வீட்லேர்ந்து ஒரு போன் கால் போனதில்ல,” என்றார் மருமகளிடம்.

“அப்ப அத்தை யார்கிட்டயும் பேசவே மாட்டாங்களா மாமா?”

“அவளுக்குப் பேச யாரு இருக்கா?”

எரிச்சலோடு சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். இரக்கத்தோடு சொன்னார்.

போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ரிசீவரைக் காதில் வைத்து, அது உட்காரும் இடத்திலிருந்த வெள்ளைக் குமிழைத் தட்டினேன். நான்குக்கு நான்கு தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. டயல் பூட்டியிருந்தாலும் இப்படித் தட்டினால் எண் போய்ச் சேர்ந்துவிடும். தினமும் அவர் பஸ் ஏறியதும் என் சிநேகிதி அம்சவேணியின் ஆறு எண்களையும் தட்டிய விரல் அது. இன்றும் தடுமாறவில்லை.

“அம்சா, நான்தாண்டி. சாப்டியா? ஆமா, பூட்டித்தான் வச்சிருக்கார். இதோ, பக்கத்துலதான் நிக்கறார்.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கணவர் கையில் துடைத்த துணியோடு என் பக்கம் குனிந்தார். அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“என்னைப் பத்தி என்ன சொல்றா?”