முட்டி உள்ள போகுது!

செய்முறைத் தேர்வுக்குத் தேர்வாளர் ஜோடி பிரித்துச் சொன்னார். டீச்சருக்கு வாய்த்தது பயில்வான். அந்த ஜிம்மில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாசலில் ஒருக்களித்து நுழைய வேண்டிய உடம்பு.

டீச்சர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வலுப் பயிற்சியாளர் சான்றிதழ் இருந்தால்தான் பள்ளி அணி இனி அவள் கையில் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். செய்முறையில்தான் போன முறை கோட்டை விட்டாள். எதிரே தேர்வாளர் பேனாவைத் திறந்ததும் வாய் அடைத்துப் போனது.

காலையில்கூட மகள் சொன்னாள்: "எங்களை அதட்டுறதுல பாதி அதட்டினாலே பாஸ்தாம்மா."

"அது வீடுடி!"

முதலில் பயில்வானின் முறை. டீச்சர் எடைத் தட்டுகள் மாட்டிய இரும்பு பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ, அவன் பயிற்சி கொடுத்தான்.

"குதிகாலைத் தூக்காதீங்க டீச்சர். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க. ஆங், அப்படித்தான்."

சுலபமாக முடித்துவிட்டான்.

அடுத்து அவள் முறை. பயில்வான் பாரைத் தோளில் ஏற்றி இறங்கி எழுந்தான். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"ம்... நல்லாருக்கு" என்றாள்.

"அவ்வளவுதானா?" என்றார் தேர்வாளர். "பார்த்து ரசிக்க நான் இருக்கேம்மா. நீங்க பயிற்சி கொடுக்கணும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு தரம் தோற்றுப்போய் வீடு திரும்புவதாக இல்லை.

பயில்வான் மறுபடி இறங்கினான். இந்த முறை முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்தன. முதுகு கூனியது. ஏறும்போது அவளைப் பார்த்து லேசாகச் சிரிக்க வேறு செய்தான்.

கிண்டலா? நான் படுகிற பாடு இவனுக்கு விளையாட்டாகவா இருக்கிறது?

சுர்ரென்று ஏறிய கோபத்தில் வாய் தானாகத் திறந்தது.

"நிறுத்துங்க! பாரை ஸ்டாண்டுல வைங்க!"

வைத்தான்.

"முட்டி உள்ள போகுது. கால் விரல் எந்தப் பக்கம் பார்க்குதோ, முட்டியும் அந்தப் பக்கம்தான் போகணும். முதல்ல எடையைக் குறைங்க. நெஞ்சை நிமிர்த்துங்க. இப்ப இறங்குங்க... மெதுவா! எந்த பஸ்ஸைப் பிடிக்க இப்படி ஓடுறீங்க?"

தேர்வாளரின் பேனா நிற்காமல் ஓடியது.

"இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு உட்கார்ந்து எழுந்திருக்கத் தெரியலையே!" என்றான் ஒருவன். கூடம் முழுக்கச் சிரிப்பு. பயில்வானின் காது சிவந்தது. ஆனாலும் டீச்சர் சொன்னபடியெல்லாம் கேட்டான். அவள் விடவில்லை. அவன் முதுகு நேராகி, முட்டி ஒழுங்குக்கு வரும்வரை திருத்திக்கொண்டே இருந்தாள்.

இருவருமே பாஸ்.

மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, பயில்வானை நாலு வார்த்தை கேட்காமல் போவதில்லை என்று தேடிக்கொண்டு போனாள். பக்கத்து அறையில் தனியாக நின்றிருந்தான். தோளில், தேர்வில் தூக்கியதைப்போல ரெண்டு பங்கு எடை. இறங்கினான், ஏறினான். முட்டி அசையவில்லை. முதுகு சுவர் மாதிரி நின்றது.

"அப்ப அங்க வேணும்னேதான் தப்பு தப்பா செஞ்சீங்களா?" டீச்சருக்குக் குரல் உயர்ந்தது. "அத்தனை பேரும் சிரிச்சாங்களே, எதுக்கு இந்தக் கூத்து?"

பயில்வான் பாரை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நானும் ஒரு தடவை ஃபெயில் ஆனவன்தான் டீச்சர். அன்னைக்கு எனக்கு ஜோடியா வந்தவர், நான் திருத்துறதுக்கு ஒரு தப்புகூடப் பண்ணல."