நாற்பது கும்பிடு

“முதலாளி மெசேஜுக்குக் கட்டைவிரலையா காட்டுறது? மரியாதையா கும்பிடு போடுங்க.”

கப்பலூர் தையல் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் ஷ்யாம் இப்படிக் கண்டித்ததிலிருந்து, கட்டைவிரல் எமோஜியை யாரும் தொடுவதில்லை.

சனிக்கிழமை அவர், ‘இனி ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது’ என்று போட்டார்.

டெய்லர் முத்துமீனா முதல் கும்பிடு போட்டாள். பின்னாலேயே மற்ற முப்பத்தொன்பது பேரும் போட்டார்கள். ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை என்று ஷ்யாம் முதலாளியிடம் பெருமையடித்தார்.

ஞாயிறு யாரும் வரவில்லை. திங்களும் வரவில்லை. ஷ்யாம் முத்துமீனாவுக்கு போன் போட்டார்.

“எங்க இருக்கீங்க?”

“எதுத்த கம்பெனியில சார். நாப்பது பேரும் இங்கதான்.”

“அன்னைக்கு அம்புட்டுப் பேரும் கும்பிடு போட்டீங்களே?”

“ஆமா சார், நீங்க சொன்ன மாதிரி மரியாதையாத்தான் போட்டோம். ஒங்க வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு.”