தலைவர் குடித்த தண்ணீர்

"எந்தக் குளிரிலும் இது கிளம்பும்! புகை வராது, குழாயில் சுத்தமான தண்ணீர்தான் வரும். அதை உங்கள் முன்னாலேயே குடிக்கப் போகிறேன்!" என்று கேமராக்களைப் பார்த்து முழங்கினார் சீனாவின் ஹார்பின் நகரப் போக்குவரத்துத் தலைவர் துங்.

மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் விறைத்துக் கிடந்த ஹைட்ரஜன் ஃப்யூயல் செல் பேருந்து, பொத்தானை அமுக்கியதும் சமர்த்தாகக் கிளம்பியது. ஒரே கைதட்டல்.

கோப்பையோடு பின்பக்கம் ஓடிய பஸ் கம்பெனி இன்ஜினியர் லுவான் குனிந்து பார்த்தாள். குழாய் வாயைப் பனிக்கட்டி அடைத்திருந்தது.

"போச்சு, ச்சூ அண்ணே! சொட்டுத் தண்ணி வரல. அவர் மானம் போச்சுன்னா நம்ம பஸ் ஆர்டரும் போச்சு."

"கோப்பையை இப்படிக் குடு தங்கச்சி" என்றார் டிரைவர் ச்சூ.

நிறைந்து வந்த கோப்பையைத் தலைவர் ஒரே மடக்கில் குடித்தார். கண் கலங்கியது, முகம் சிவந்தது. லுவான் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தண்ணி எப்படி இருக்கு, தலைவரே?" என்றார் நிருபர்.

"அபாரம்! அறுபது டிகிரி இருக்கும். இன்னொரு கோப்பை கொண்டாங்க! நூறு பஸ்ஸுக்கும் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

கூட்டம் ஆர்ப்பரித்தது.

ச்சூ லுவானின் காதருகே குனிந்தார். "என் சோளச் சாராயப் பாட்டில்ல வீரியம் ஐம்பத்திரண்டு டிகிரின்னுதான் போட்டிருக்கு. இந்த மனுஷன் எதையும் கூட்டித்தான் சொல்லுவாரு!"